இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்

(நமது சங்கத்தின் நாக்பூர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நம் அங்கத்தினர்களில் பாதிப் பேருக்குக் குழந்தைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். போய்த் தங்குவதா வேண்டாமா, போனால் எப்படிச் சமாளிப்பது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் இருபது மாதம் கனடாவில் இருந்துவிட்டு வந்தவர், அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். நான் பேச்சாளன் இல்லை. ரசாயனத்தில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மத்திய அரசின் ஓர் இலாகாவில் 1971-ல் சேர்ந்து, 2010-ல் ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது குறிப்பு எழுதுவது ஒன்றுதான். ஆகவே, நான் செய்த தவறுகளையும் மறைக்காமல், ஒரு குறிப்பு போலவே சொல்லிவிடுகிறேன்.

2022 செப்டம்பரில் நானும் என் மனைவியும் மாண்ட்ரியல் நகரத்தில் இருக்கும் எங்கள் பெண்ணிடம் போனோம். கனடாவில் பெற்றோர்களுக்கும் தாத்தா பாட்டிகளுக்கும் 'சூப்பர் விசா' என்று ஒன்று உண்டு. 2011 டிசம்பரில் ஆரம்பித்தார்கள். 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை போனால் ஐந்து வருஷம் வரை தங்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதனால்தான் எங்கள் பெண், "மூணு மாசம், ஆறு மாசம் என்று வந்துட்டுப் போகாதீங்கோ, இங்கேயே இருங்கோ" என்று பிடிவாதம் பிடித்தாள். நாங்களும் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

எழுத்தறிவில்லாத அதிகாரி

கனடா என்றால் இங்கிலீஷ் என்று நினைத்துக்கொண்டு போனேன். மாண்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தின் ஆட்சி மொழி பிரெஞ்சு. 1977-ல் கொண்டுவந்த மொழிச் சட்டத்தின்படி கடைப் பலகை முதல் பள்ளிக்கூடம் வரை பிரெஞ்சுக்குத்தான் முதல் இடம். வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களின் குழந்தைகள் பொதுவாகப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் படிக்க வேண்டும். என் பேத்திக்கு அப்போது ஆறு வயது. முதல் வகுப்பு. அவள் படிக்கிற புத்தகத்தை என்னால் படிக்க முடியவில்லை.

ஒரு நாள் தபால் பெட்டியில் ஒரு மஞ்சள் காகிதம் இருந்தது. ஏதோ கடை விளம்பரம் என்று குப்பையில் போட்டுவிட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. குழாய் பழுதுபார்ப்பதால் மாலை வரை தண்ணீர் வராது, பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் காகிதத்தில்தான் எழுதியிருந்தார்களாம். முப்பத்தொன்பது வருஷம் கோப்பு பார்த்தவன், வீட்டுக்கு வந்த ஒரு அறிவிப்பைப் படிக்கத் தெரியாமல் குப்பையில் போட்டேன். என் மனைவி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு வந்து, எதை எங்கே எழுதுவது என்று தெரியாமல் நின்றவர்களிடம் நான் எத்தனை தடவை, "போர்டில் எழுதியிருக்கிறதே, பார்க்கவில்லையா?" என்று கேட்டிருப்பேன்! அன்றுதான் அது நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு நான் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டேன். கேட்டால் குளிர் என்பேன். குளிரும் நிஜம்தான். டிசம்பர் கடைசியில் காலை ஏழரை மணிக்கு உதயம், மாலை நாலே காலுக்கு அஸ்தமனம். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை போகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்று படித்ததை, சமையலறை ஜன்னல் ஓரத்தில் வைத்த பாட்டிலில் தினமும் பார்த்தேன். ஆனால் உண்மைக் காரணம் குளிரல்ல. வெளியே போனால் நான் ஒன்றும் தெரியாதவன். வீட்டுக்குள் இருந்தால் ஓய்வு பெற்ற அதிகாரி.

கையில் இந்திய நேரம்

வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன செய்தேன்? நாக்பூரில் என்ன செய்தேனோ அதையே. காலையில் இந்தியப் பத்திரிகைகளைக் கணினியில் படிப்பது, இங்கே இருக்கும் சிநேகிதர்களுக்குப் போன் செய்வது, ராத்திரி வெகு நேரம் விழித்திருந்து இந்தியத் தொலைக்காட்சி பார்ப்பது. என் கையில் 1974-ல் வாங்கிய எச்.எம்.டி. கைக்கடிகாரம். அதை இந்திய நேரத்திலேயே வைத்திருந்தேன். மாப்பிள்ளை ஒரு தடவை, "மாத்தித் தரட்டுமா?" என்று கேட்டார். "வேண்டாம், கழித்துக்கொள்கிறேன். கணக்கு மறந்துவிடவில்லை" என்றேன். குளிர்காலத்தில் இந்தியாவுக்கும் மாண்ட்ரியலுக்கும் பத்தரை மணி வித்தியாசம். மனக்கணக்கில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

என் மனைவி அப்படியில்லை. வந்த இரண்டாவது வாரமே பேத்தியைக் கூட்டிக்கொண்டு பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பேட்டைக்குப் போய், இலங்கைத் தமிழர் கடையில் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி வந்துவிட்டாள். இட்லி மாவு பொங்கவில்லை என்றதும், அடுப்பை மூட்டாமல் அவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, அந்தச் சூட்டில் மாவை வைத்தாள். பொங்கியது. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குச் சுமார் முப்பது டிகிரி வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் விளக்கைப் போடத் தோன்றியது அவளுக்குத்தான்.

ஜனவரியிலிருந்து எனக்கு ஒரு பொறுப்பு கொடுத்தார்கள். பேத்தியின் பள்ளி பஸ் மாலை 3.40-க்குத் தெருமுனையில் வந்து நிற்கும். நான் போய் அழைத்து வரவேண்டும். என் கடிகாரத்தில் இரண்டு பத்து என்றால் அங்கே மூன்று நாற்பது. பதினைந்து நிமிஷம் முன்னாலேயே போய் நிற்பேன். ஒரு நாளும் தவறியதில்லை.

மார்ச் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பார்கள். 2023-ல் அது மார்ச் 12. முதல் நாள் சாப்பிடும்போது என் பெண் சொன்னாள், "அப்பா, இன்னிக்கு ராத்திரி கடிகாரம் மாறறது." நான் சொன்னேன், "என் கடிகாரம் மாறாது." எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை என் பெண்ணும் மாப்பிள்ளையும் ஆபீஸ் போய்விட்டார்கள். என் மனைவி மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள். செல்போனில் நேரம் தானாக மாறியிருக்கும். ஆனால் அது உள்ளே எங்கோ கிடந்தது. சமையலறைக் கடிகாரத்தை யாரும் மாற்றவில்லை. நான் என் கையைப் பார்த்தேன், பத்தரையைக் கழித்தேன், வழக்கம்போல் பதினைந்து நிமிஷம் முன்னால் கிளம்பினேன். கழிக்க வேண்டியது அன்று ஒன்பதரை.

தெருமுனையில் பனி இன்னும் கரையவில்லை. அந்தப் பனியில் என் பேத்தி நின்றுகொண்டிருந்தாள். அவளை அணைத்தபடி, கறுப்பு நிற மூதாட்டி ஒருவர். தம்முடைய கம்பளிச் சால்வையைக் குழந்தைக்குப் போர்த்தியிருந்தார். "தாத்தா வராமல் இடத்தை விட்டு நகரக்கூடாது" என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். குழந்தை நகரவில்லை. எதிர் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்த அந்த அம்மாள், கூப்பிட்டும் அவள் வர மறுத்ததால், தாமும் கூடவே நின்றிருக்கிறார். முக்கால் மணி நேரம்.

நான் ஒன்றும் புரியாமல், "என்ன, ஸ்கூல் சீக்கிரம் விட்டுட்டாளா?" என்றேன். அந்த அம்மாள் பிரெஞ்சில் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். கோபமாகக்கூட இல்லை. பேத்தி மொழிபெயர்த்தாள். "தாத்தா, அவா கேக்கறா, உங்ககிட்ட வாட்ச் இல்லையான்னு."

கை நிறைய வாட்சைக் கட்டிக்கொண்டு நின்றேன். அந்த அம்மாளுக்கு நன்றி என்று சொல்லக்கூட எனக்கு வார்த்தை தெரியவில்லை. கை கூப்பினேன். குழந்தையின் விரல்கள் கையுறைக்குள் மரத்துப்போயிருந்தன. வீட்டுக்கு வந்து வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தபோது அவள் வலியில் அழுதாள். தெய்வாதீனமாக வேறொன்றும் ஆகவில்லை.

சாயந்திரம் என் பெண் வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அப்பா, நீங்க கிளம்பி ஆறு மாசமாச்சு. இன்னும் வந்து சேரலை" என்றாள். அவ்வளவுதான். அன்றிரவே கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன்.

ஸங்கல்பம் சொல்லும் பாடம்

இங்கே பெரியவர்கள் பலர் இருக்கிறீர்கள். நாம் எந்தக் கர்மாவை ஆரம்பித்தாலும் முதலில் ஸங்கல்பம். எந்த த்வீபம், எந்த வர்ஷம், எந்த ஆண்டு, எந்த மாதம், எந்தத் திதி என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறோம். அறுபது வருஷமாகச் சொல்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த ஊரில்தான் யோசித்தேன். நான் இப்போது எங்கே நிற்கிறேன், இன்று என்ன நாள் என்பதை முதலில் வாயால் ஒப்புக்கொள். பிறகு செய்ய வேண்டியதைச் செய். நான் மாண்ட்ரியலில் உட்கார்ந்துகொண்டு, வாயாலும் மனத்தாலும் நாக்பூரிலேயே இருந்தேன்.

வட அமெரிக்காவில் பல சாஸ்திரிகள் ஜம்பூ த்வீபம் என்பதற்குப் பதிலாக க்ரௌஞ்ச த்வீபம் என்று ஸங்கல்பம் செய்து வைக்கிறார்கள். இதில் அபிப்பிராய பேதங்கள் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் திதி விஷயத்தில் வாதத்துக்கே இடமில்லை. சந்திரன் சூரியனிலிருந்து 12 டிகிரி விலகுவது ஒரு திதி. அது முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. ஆனால் அந்தக் கணத்தில் ஒவ்வோர் ஊரிலும் மணி வேறு. இந்தியாவில் ஒரு நாள் காலை 10 மணிக்கு அமாவாசை முடிகிறது என்றால், கோடைக் காலத்தில் மாண்ட்ரியலில் அப்போது அதே தேதி நள்ளிரவு தாண்டி 12.30. அங்கே பொழுது விடிவதற்குள் பிரதமை வந்துவிட்டது. ஆகவே அங்கே தர்ப்பணம் முதல் நாளே. நான் ஆறு மாதமாக இந்தியத் தேதியையே பார்த்துச் செய்துகொண்டிருந்தேன். சில அமாவாசைகளில் பிரதமையன்று தர்ப்பணம் செய்திருக்கிறேன். உங்கள் குழந்தைகள் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள்.

அறுபதும் பன்னிரண்டும்

அடுத்த வாரம் பேத்தியின் முதல் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்தேன். அவள்தான் வாத்தியார். பிரெஞ்சில் 'ர' என்பது தொண்டையிலிருந்து வரவேண்டும். எனக்கு வரவில்லை. தலையில் குட்டு விழுந்தது. எழுபது என்பதற்கு அந்த ஊரில் தனிச் சொல் கிடையாது. அறுபது-பத்து என்பார்கள். என் வயது அப்போது 72. அறுபது-பன்னிரண்டு என்று சொல்ல வேண்டும். 'அறுபதாம் கல்யாணத்துக்கு மேல் பன்னிரண்டு' என்று மனப்பாடம் செய்துகொண்டேன். பக்கத்து நூலகத்தில் வாரம் ஒரு நாள் புதிதாக வந்தவர்கள் கூடி உட்கார்ந்து பேசிப் பழகுவார்கள். கட்டணம் இல்லை. சிரியாக்காரர் ஒருவர், வியட்நாம் அம்மாள் ஒருவர், கொலம்பியாவிலிருந்து வந்த இளம் தம்பதி, அவர்களோடு நான். எல்லோரும் தப்பாகத்தான் பேசுவோம். ஆகவே யாருக்கும் வெட்கமில்லை.

முதலில் கற்ற வார்த்தை 'மெர்சி', நன்றி. அதை எடுத்துக்கொண்டு, என் மனைவி செய்த ரவா லாடுவோடு எதிர் வீட்டுக்குப் போனோம். அந்த அம்மாள் ஹைட்டியிலிருந்து பல வருஷங்களுக்கு முன் வந்தவர். மாண்ட்ரியலில் அந்நாட்டுக்காரர்கள் நிறைய உண்டு. தமக்கும் முதல் குளிர்காலம் அழுகையாகத்தான் இருந்தது என்று சைகையால் சொன்னார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 5-ஆம் தேதி உறைமழை பெய்தது. மேலே தண்ணீராக வரும் மழை, தரையையொட்டிய குளிர்ந்த காற்றில் எதன்மேல் பட்டாலும் ஐஸாகிவிடும். மரக்கிளைகள் பாரம் தாங்காமல் மின்கம்பிகள்மேல் முறிந்து விழுந்தன. மாகாணத்தில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போயிற்று. அங்கே பெரும்பாலான வீடுகளில் வெப்பமூட்டுவதும் மின்சாரம்தான். மின்சாரம் இல்லையென்றால் அடுப்பும் இல்லை, கதகதப்பும் இல்லை.

இருட்டும் நேரம். எதிர் வீட்டு அம்மாள் எப்படி இருக்கிறார் என்று பார்க்கப் போனேன். கொல்லையிலிருந்த கரி அடுப்பைப் பற்றவைத்துக் கூடத்துக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தார். ஜன்னல்கள் எல்லாம் இறுக மூடியிருந்தன. எனக்குப் பகீர் என்றது. மூடிய அறையில் கரி எரிந்தால் வருவது கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் ரத்தத்தில் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தூங்கினவர் எழுந்திருக்கமாட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், "வேண்டாம் அம்மா, வேண்டாம் அம்மா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. மேஜைமேல் கிடந்த காகிதத்தில் சி, ஓ என்ற இரண்டு எழுத்துகளைப் பெரிதாக எழுதி, பக்கத்தில் ஒரு மண்டையோட்டைப் போட்டேன். ரசாயனக் குறியீட்டுக்குப் பாஷை கிடையாது. அவருக்குச் சட்டென்று புரிந்தது. இருவருமாக அடுப்பை வெளியே எடுத்துப் பனியில் கவிழ்த்தோம். அன்றிரவு அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து, எல்லோரும் ஒரே அறையில் கம்பளிகளைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். மறுநாள் மாலை மின்சாரம் வந்தது. அந்த நாட்களில் கரி அடுப்பையும் ஜெனரேட்டரையும் உள்ளே வைத்துக்கொண்டு விஷவாயுவால் பாதிக்கப்பட்டவர்கள் பலர் என்று பிறகு செய்தியில் சொன்னார்கள்.

நான் பெரிய காரியம் செய்ததாக இதைச் சொல்லவில்லை. பி.எஸ்ஸி. முதல் வருஷப் பாடம் அது. ஆனால் லாடு கொண்டுபோகப் பழகியிருக்காவிட்டால், அந்த இருட்டில் அவர் வீட்டுக் கதவை நான் தட்டியிருக்கமாட்டேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

சூப்பர் விசாவுக்குக் குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலர் அளவுக்கு, ஒரு வருஷத்துக்காவது மருத்துவ இன்ஷூரன்ஸ் கட்டாயம். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இருதயக் கோளாறு இவற்றுக்கு என்ன நிபந்தனை என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். நம் மத்திய அரசு மருத்துவத் திட்ட அட்டை அங்கே செல்லாது.

பென்ஷன்காரர்கள் நவம்பரில் கொடுக்கும் ஆயுள் சான்றுக்காகப் பறந்து வரவேண்டாம். 'ஜீவன் பிரமாண்' முறையில், 2021 முதல் செல்போனில் முகத்தைக் காட்டியே கொடுக்க வழி இருக்கிறது. கிளம்பும் முன்பே இங்கே ஒரு தடவை செய்து பழகிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில், காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் கோழி வேகவைத்த நீரில் செய்திருப்பார்கள். பல சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னெட் இருக்கும். சில தயிர்களில் ஜெலட்டின். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தைகள் வீட்டில் ஏதாவது ஒரு வேலையை உங்களுடையது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர் மணியைப் பார்த்து அதைச் செய்யுங்கள்.

நாங்கள் 2024 மே மாதம் திரும்பி வந்தோம். என் மனைவியின் முழங்கால் குளிரில் மோசமாகியது, இன்ஷூரன்ஸ் செலவும் ஏறியது. பிடிக்காமல் வரவில்லை. கிளம்பும் நாளில் எதிர் வீட்டு அம்மாள் வந்து என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

கடைசியாக ஒன்று. நான் 1971-ல் இந்த நாக்பூரில் வந்து இறங்கியபோது எனக்கு ஹிந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பக்கத்து வீட்டு மராத்திக்கார மாமி எனக்குப் பால்காரனிடம் கணக்குச் சொல்லக் கற்றுக்கொடுத்தார். இங்கே இருக்கும் உங்களில் பலருக்கும் அப்படி ஒருவர் இருந்திருப்பார். இப்போது நம் தெருக்களில் ஒடிஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் பலகை படிக்கத் தெரியாமல் நிற்கிறார்கள். திரும்பி வந்த பிறகு, அப்படி யாராவது என்னிடம் வழி கேட்டால், கையைக் காட்டிவிட்டுப் போகாமல் கொஞ்ச தூரம் கூடவே நடந்து போய்விட்டு வருகிறேன். மாண்ட்ரியலில் நான் பட்ட கடன் அது.

விமானம் இறங்கியதும் கடிகாரத்தைத் திரும்பவும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டேன். பேத்தி பள்ளியிலிருந்து வரும் நேரம் இங்கே நடு ராத்திரி தாண்டிவிடும். சில நாள் விழிப்பு வரும்போது கழித்துப் பார்த்துக்கொள்கிறேன், ஒன்பதரையா பத்தரையா என்று ஒரு தடவை யோசித்துவிட்டு.